இடமும் சுமையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'சுவைஞரும் தீர்ப்பும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். யாருக்கு எந்த இடம் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை சுவைஞருக்கு உண்டா, அத்தீர்ப்புக்கு அளவுகோல் எது என்பதே இப்பொருளின் உள்ளீடு எனக் கொள்கிறேன். இதனைக் கவிதையை வைத்துப் பேசினால் உடனே பெயர்கள் வந்து நிற்கும். பெயர்கள் வந்தால் மனவருத்தமும் வரும். ஆதலின் நம்மில் எவருக்கும் உறவோ பகையோ இல்லாத ஒரு களத்திற்கு உங்களை அழைத்துச் செல்ல விழைகிறேன். அது அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டக்களம்.

சில ஆண்டுகளுக்கு முன் நியூஜெர்சியில் என் தமையனார் இல்லத்தில் ஒரு கோடை விடுமுறையைக் கழித்தேன். அண்டை வீட்டில் எண்பதைக் கடந்த ஒரு முதியவரும் அவர் மனைவியும் இருந்தனர். மாலைதோறும் அவர்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் இன்னொரு முதியவரும் வந்து அமர்வார். மூவரும் நியூயார்க் நகரில் பிறந்து வளர்ந்தவர்கள். மூவரும் நாள்தோறும் ஒரே வாதத்தைச் செய்தனர். அறுபது ஆண்டுகளுக்கு முன் தங்கள் நகரத்தின் மூன்று அணிகளில் நடு வெளிக்களத்தில் நின்ற மூவருள் யார் சிறந்தவர் என்பதே அவ்வாதம். முதலில் நகைத்தேன், பிறகு செவி கொடுத்தேன், ஊர் திரும்பிய பின் அதுபற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன்.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணியில் ஒன்பதின்மர் களம் இறங்குவர். எதிரணி மட்டையாடும்போது அறுவர் உள்களத்திலும் மூவர் தொலைவில் வெளிக்களத்திலும் நிற்பர். வெளிக்களத்தார் மூவருள் ஒருவர் இடப்புறம், ஒருவர் வலப்புறம், ஒருவர் நடு. நடுவில் நிற்பவர் காக்க வேண்டிய நிலப்பரப்பே பெரிது. இருவருக்கும் பொதுவாக வானில் எழுந்து வரும் பந்தை 'நான் பிடிக்கிறேன்' என்று அவர் குரல் கொடுத்தால் மற்றவர் விலகிக்கொள்வது மரபு. தமது அணி ஆடும்போது ஒன்பதின்மரும் முன்பே எழுதிக் கொடுத்த வரிசைப்படி மட்டை பிடிப்பர். ஆட்டத்தின் இடையில் ஒருவரை எடுத்துவிட்டு வேறொருவரை இறக்கினால், எடுக்கப்பட்டவர் அன்று மீண்டும் ஆட முடியாது.

எனவே மேலாளர் முன் மூன்று வினாக்கள் நிற்கின்றன: அணியில் யார் இருப்பது, இன்று களத்தில் யார் எங்கே நிற்பது, மட்டையாடும் வரிசையில் யாருக்குப் பின் யார் வருவது. விடையை எழுதுபவர் மேலாளர் ஒருவர். அவ்விடை சரியா என்று நாளெல்லாம் வழக்காடுவோர் ரசிகர் பல்லாயிரவர்.

தமிழ் படித்தோருக்கு இவ்வழக்கு புதிதன்று. திருக்குறளின் அதிகாரங்களுக்குள் குறட்பாக்களின் வைப்புமுறையில் மணக்குடவரும் பரிமேலழகரும் வேறுபடுவர். குறள் மாறுவதில்லை, அது நிற்கும் இடம் மாறுகிறது. இடம் மாறும்போது பொருளின் அழுத்தமும் மாறுகிறது. அதனால்தான் உரையாசிரியர்கள் ஓர் இயலுக்கும் அடுத்த இயலுக்கும் உள்ள இயைபை வலிந்தேனும் சொல்லிச் செல்கின்றனர். ஆயின் பாடலை இடம் மாற்றினால் பாடல் வருந்தாது. மனிதரை இடம் மாற்றினால் மனிதர் வருந்துவர். வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

1951ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு நியூயார்க்கின் இரண்டு அணிகளுக்கு இரண்டு இளைஞர் வந்தனர். யாங்கீஸ் அணிக்கு வந்தவர் மிக்கி மேன்டில், வயது 19. ஜயண்ட்ஸ் அணிக்கு வந்தவர் வில்லி மேஸ், வயது 20. இரு அணிகளிலும் நடு வெளிக்களத்தில் முன்னரே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இரு மேலாளரும் இரு வேறு முடிவுகளை எடுத்தனர்.

ஜயண்ட்ஸ் மேலாளர் லியோ டூரோச்சர், மேஸை வந்தவுடனே நடுவில் நிறுத்தினார். அதுவரை அங்கே நின்ற பாபி தாம்சன் முதலில் இடப்புறத்திற்கும் பின்னர் ஜூலையில் உள்களத்தின் மூன்றாம் தளத்திற்கும் மாற்றப்பட்டார். மேஸ் அதற்கு முன் ஆடிவந்த மினியாபொலிஸ் நகரத்து ரசிகர்கள், தங்கள் ஆட்டக்காரரைப் பறித்துக்கொண்டார்கள் என்று வருந்தினர். ஜயண்ட்ஸ் உரிமையாளர் அந்நகரச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து ரசிகர்களிடம் பொறுத்தருள வேண்டினார். அத்தகைய பெயருடன் வந்த மேஸ், முதல் 26 முயற்சிகளில் ஒரே ஒரு முறைதான் பந்தைச் செவ்வையாக அடித்தார். உடைமாற்றும் அறையில் அழுதார். அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்ல அப்போது எவருக்கும் காரணம் இருந்தது. டூரோச்சரோ, தாம் மேலாளராக இருக்கும்வரை நடு வெளிக்களம் மேஸுக்கே உரியது என்று சொல்லித் தேற்றினார். அவ்வாண்டின் சிறந்த புதுமுகமாக மேஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

விலக்கப்பட்ட தாம்சன் என்ன ஆனார்? ஆகஸ்ட் 11 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியைவிடப் பதின்மூன்றரை ஆட்டங்கள் பின்தங்கியிருந்த ஜயண்ட்ஸ், பருவ முடிவில் அதனைச் சமன் செய்தது. மூன்று ஆட்டங்களில் முடிவு காண வேண்டியிருந்தது. அக்டோபர் 3 அன்று மூன்றாம் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் தாம்சன் அடித்த ஹோம் ரன் 5க்கு 4 என்று வெற்றியைத் தந்தது. அடுத்து மட்டை பிடிக்கக் காத்து நின்றவர், தாம்சனின் பழைய இடத்தைப் பெற்ற மேஸ். எதிரணியின் சைகைகளை ஜயண்ட்ஸ் தொலைநோக்கி வைத்து அறிந்துவந்தது என்னும் செய்தி 2001இல் வெளிவந்தபின், அந்த அடியின் பெருமை பற்றியே வழக்கு உண்டு. அது தனி வழக்கு. இடம் மாற்றப்பட்டவர் சிறுத்துப் போகவில்லை என்பதே நாம் ஈண்டு நோக்க வேண்டியது.

இனி யாங்கீஸ் அணியைக் காண்போம். அங்கே நடுவில் நின்றவர் ஜோ டிமாஜியோ. 1941இல் தொடர்ந்து 56 ஆட்டங்களில் பந்தைச் செவ்வையாக அடித்தவர். அச்சாதனை இன்றும் முறியடிக்கப்படவில்லை. 1951இல் அவருக்கு வயது 36. குதிகாலில் தீராத வலி. மட்டையடிச் சராசரி .263 ஆகத் தாழ்ந்தது. ஆயினும் நடுவிடம் அவருடையதாகவே இருந்தது. மேன்டில் வலப்புறத்தில் நிறுத்தப்பட்டார். இடையில் ஜூலையில் கன்சாஸ் சிட்டியிலிருந்த கீழ்நிலை அணிக்கும் அனுப்பப்பட்டார். மனமுடைந்து ஆட்டத்தையே விடப்போவதாகச் சொன்ன மகனிடம், ஓக்லஹோமாவில் சுரங்கத் தொழிலாளியாக இருந்த தந்தை, அப்படியானால் என்னோடு சுரங்கத்திற்கு வா என்று சொல்லிப் பெட்டியைக் கட்டத் தொடங்கினாராம். மேன்டில் விடவில்லை; ஆகஸ்டில் மீண்டும் அழைக்கப்பட்டார்.

அவ்வாண்டு உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியில் இவ்விரு அணிகளே மோதின. அக்டோபர் 5, இரண்டாம் ஆட்டம், யாங்கீஸ் மைதானம். டிமாஜியோவின் குதிகால் வலியைக் கருதி, அவர் பக்கம் வரும் பந்துகளையும் நீயே ஓடிப் பிடி என்று மேலாளர் கேசி ஸ்டெங்கல் தம்மிடம் சொல்லியிருந்ததாக மேன்டில் பிற்காலத்தில் கூறியதுண்டு. ஐந்தாம் கட்டத்தில் வில்லி மேஸ் அடித்த பந்து நடுவுக்கும் வலப்புறத்திற்கும் இடையே உயர்ந்து வந்தது. மேன்டில் விரைந்து ஓடினார். அருகே வந்தபோது டிமாஜியோவின் குரல் கேட்டது. மரபுப்படி விலகத் திடுமெனக் காலை நிறுத்தினார். அவர் காலணியின் ஆணி தரையிலிருந்த வடிகால் மூடியில் சிக்கியது. முழங்கால் திருகி அப்படியே விழுந்தார். டிமாஜியோ பந்தைப் பிடித்துவிட்டார்.

மறுநாள் மருத்துவமனை வாயிலில் மேன்டில் தந்தையின் தோளில் சாய்ந்து வண்டியிலிருந்து இறங்க முயன்றார். தந்தை சரிந்து விழுந்தார். மகனும் தந்தையும் ஒரே அறையில் சேர்க்கப்பட்டனர். தந்தைக்கு ஹாட்ஜ்கின் நோய் முற்றியிருந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் அவர் மறைந்தார். மேன்டில் 1968 வரை ஆடினார். அந்த முழங்கால் முன்போல் ஆகவே இல்லை.

அந்தத் தொடரை வென்றதும் யாங்கீஸ் அணிதான், 4க்கு 2 என்ற கணக்கில். மேன்டிலுக்குப் பதிலாக அன்று களம் இறங்கியவர் ஹாங்க் பாயர். எதிரணிப் பந்தெறிபவரின் கைக்கு ஏற்ப வலக்கை, இடக்கை ஆட்டக்காரரை மாற்றி மாற்றி இறக்கும் ஸ்டெங்கலின் முறையால் அடிக்கடி வெளியே அமர்த்தப்பட்டு, அதனால் மனக்குறை கொண்டிருந்தவர் அவர். ஆறாம் ஆட்டத்தில் பாயர் அடித்த ஓர் அடியில் மூவர் ஓடி வந்து ஓட்டம் சேர்த்தனர். இறுதிப் பந்தையும் அவரே சறுக்கி விழுந்து பிடித்தார். டிசம்பரில் டிமாஜியோ ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு நடுவிடம் மேன்டிலுக்கு வந்தது.

இப்போது தீர்ப்புக்கு வருவோம். வென்றது யார் என்று பார்த்தால் ஸ்டெங்கலின் முடிவே சரி. 1949 முதல் 1953 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடிய மேலாளரை நாம் எப்படிக் குறை சொல்வது? அந்தத் தாழ்வாரத்தில் யாங்கீஸ் கட்சிக்காரர் இதைத்தான் மேசையைத் தட்டிச் சொல்வார். ஜயண்ட்ஸ் முதியவர் அதற்கு ஒரு மறுமொழி வைத்திருந்தார். டிமாஜியோ நடுவில் நின்றது குற்றமன்று. அவர் அந்த இடத்திற்குத் தகுதி ஈட்டியவர். மேன்டில் ஓரத்தில் நின்றதும் குற்றமன்று. புதியவர் ஓரத்தில் தொடங்குவது உலக இயல்பு. நடுவிடத்தின் உரிமையை ஒருவரிடம் வைத்துக்கொண்டு, அந்த இடத்தின் ஓட்டத்தை மட்டும் இன்னொருவரிடம் தந்தார்களே, அதுதான் பிழை என்றார். ஓட வேண்டியவர் ஒருவர், குரல் கொடுக்கும் உரிமை உடையவர் வேறொருவர். இரண்டுக்கும் இடையில் இருந்தது வடிகால் மூடி.

அவையோரே, ஆட்டத்தைப் பற்றி நான் கேட்ட திறனாய்வுச் சொற்களுள் இதற்கு ஈடானது பிறிதில்லை. அவர் கல்லூரியில் பயிலாதவர். வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் பணி செய்தவர்.

அந்த வாதத்தில் அவருடைய மனைவிக்கும் பங்கு உண்டு. அவர் புரூக்ளினில் பிறந்தவர். அவருடைய கட்சி டாட்ஜர்ஸ் அணியின் டியூக் ஸ்னைடர். 1953 முதல் 1957 வரை ஐந்து ஆண்டுகளும் ஆண்டுக்கு நாற்பதுக்குக் குறையாத ஹோம் ரன் அடித்தவர். 1950 முதல் 1959 வரையிலான பத்தாண்டில் 326 அடித்து முதலிடம் பெற்றவர் என்பார். கணவர் விடமாட்டார். மேஸ் 1952இன் பெரும்பகுதியையும் 1953 முழுவதையும் இராணுவப் பணியில் கழித்தாரே, அந்த ஆண்டுகளை எங்கே சேர்ப்பது என்பார். மேலும் ஸ்னைடர் இடக்கை ஆட்டக்காரர். அவர் அணியில் ஏனையோர் பெரும்பாலும் வலக்கையர். ஆகவே எதிரணிகள் இடக்கைப் பந்தெறிபவரை அனுப்பத் தயங்கின. ஸ்னைடருக்கு அது வாய்ப்பாயிற்று என்பார். அதாவது ஒருவர் அடையும் சிறப்பில், வரிசையில் அவருக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களின் பங்கும் உண்டு. மூன்றாமவர் இடைமறித்து, 1956இல் சராசரி, ஹோம் ரன், அணிக்கு ஈட்டித் தந்த ஓட்டம் என மூன்றிலும் முதலிடம் பெற்ற மேன்டிலை நிறுத்துவார்.

களத்தின் அளவும் வாதத்திற்கு வரும். ஜயண்ட்ஸ் அணியின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடுச்சுவர் ஏறத்தாழ 480 அடி தொலைவில் இருந்தது. 1954ஆம் ஆண்டு உலகத் தொடரில், தலைக்குமேல் கடந்து சென்ற பந்தை முதுகு காட்டி ஓடியபடியே மேஸ் பிடித்தது அந்தப் பரப்பில்தான். அதே அடி புரூக்ளின் மைதானத்தில் விழுந்திருந்தால் ஓடிப் பிடிக்க நிலமே இருந்திராது, சுவரைத் தாண்டியிருக்கும். சிறப்பு ஆளிடமா, அவருக்கு வாய்த்த நிலத்திடமா? இவ்வினாவை அம்மையார் எழுப்பும்போது கணவர் சற்று நேரம் பேசாதிருப்பார்.

1957ஆம் ஆண்டுப் பருவத்தோடு ஜயண்ட்ஸ் சான் பிரான்சிஸ்கோவுக்கும் டாட்ஜர்ஸ் லாஸ் ஏஞ்சல்சுக்கும் குடிபெயர்ந்தன. புரூக்ளின் மைதானம் 1960இலும் போலோ கிரவுண்ட்ஸ் 1964இலும் இடிக்கப்பட்டன. அங்கெல்லாம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். அந்த முதியவர்களுக்கு அணி இல்லை, மைதானம் இல்லை. வாதம் மட்டும் எஞ்சியது. மேன்டில் 1995இலும், ஸ்னைடர் 2011இலும், மேஸ் 2024இலும் மறைந்தனர். ஒருவேளை அந்த வாதம் முடிந்துவிடக் கூடாது என்பதுதான் மூவரின் உள்விருப்பமோ என்று நான் எண்ணியதுண்டு.

இத்தனை வாதத்திலும் பல்லாண்டு எழாத ஒரு வினா உண்டு. பட்டியலில் யாருக்கு எந்த இடம் என்று ரசிகர் வழக்காடிய அந்த நாட்டில், 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காகக் களம் இறங்கும்வரை, அறுபது ஆண்டுக்கு மேலாகக் கறுப்பின ஆட்டக்காரர் எவரும் பெரும்போட்டி அணிகளின் பட்டியலிலேயே இல்லை. ஜயண்ட்ஸ் அணியின் மான்டி இர்வின் 1949இல் வாய்ப்புப் பெற்றபோது வயது முப்பது. 1951இல் தம் பிரிவில் அணிக்கு மிகுதியான ஓட்டங்களை ஈட்டித் தந்தவர் அவரே. அவர் இருபது வயதில் எப்படி ஆடியிருப்பார் என்பதை அந்தப் பெருமைதானங்கள் அறியாமலே போயின. அவ்வாண்டு உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், ஒருவர் காயமுற்றதால் ஹாங்க் தாம்ப்சன் வலப்புறம் வர, இர்வின், மேஸ், தாம்ப்சன் எனக் கறுப்பினத்தார் மூவரும் சேர்ந்து வெளிக்களம் காத்தனர். அத்தொடரில் அப்படி நிகழ்ந்தது அதுவே முதன்முறை. யாங்கீஸ் அணியோ தன் முதல் கறுப்பின ஆட்டக்காரராக எல்ஸ்டன் ஹோவர்டைச் சேர்த்தது 1955இல்தான்.

ஆகவே நல்ல சுவைஞர் கேட்க வேண்டிய முதல் வினா 'யார் முதல்வர்' என்பதன்று. 'இந்தப் பட்டியல் எப்படி எழுதப்பட்டது' என்பதே.

சுவைஞரின் நிலையாமைக்கும் இவ்வாட்டத்தில் சான்று உண்டு. டிமாஜியோவின் இடத்திற்கு வந்தார் என்பதற்காகவே மேன்டில் தம் சொந்த மைதானத்தில் ஆண்டுக்கணக்கில் ஏளனக் குரல் கேட்டவர். 1961இல் அவரும் அவ்வணியின் வலப்புற ஆட்டக்காரர் ராஜர் மாரிஸும் பேப் ரூத்தின் 60 ஹோம் ரன் சாதனையை நோக்கிச் சேர்ந்து முன்னேறியபோது, அதே ரசிகர் மேன்டில் நம்மவர், மாரிஸ் வெளியிலிருந்து வந்தவர் என்றனர். மாரிஸ் 61 அடித்தார். மேன்டில் 54 அடித்தார். வரிசையில் மாரிஸுக்குப் பின் மேன்டில் நின்றதால், மாரிஸை வேண்டுமென்றே அடிக்கவிடாமல் தளத்திற்கு அனுப்பிவிடும் உத்தியை எதிரணியார் அவ்வாண்டு ஒருமுறைகூடக் கையாளவில்லை. அடித்தவர் ஒருவர், அவருக்குப் பின் நின்று அதற்கு வழி செய்தவர் இன்னொருவர். வாழ்த்துவதற்கு ஒருவரைத் தாழ்த்த வேண்டியதில்லை என்பதை அந்த ஓர் எண்ணே உணர்த்துகிறது.

நிறைவாக நம் வட்டத்திற்கு வருகிறேன். பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய அமைப்புக்குச் சிறிய வயதன்று. தொடங்கியவர்கள் இன்று மூத்தோர். நமக்கும் நடுவிடம் உண்டு; ஓரங்கள் உண்டு; கவியரங்கத்திற்கு ஒரு வரிசை உண்டு. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து, பாதி அவை எழுந்து சென்றபின் கவிதை படிக்க அழைக்கப்படும் இளையவரை நாம் அறிவோம். அவர்தான் காலையில் நாற்காலி அடுக்கியவர், அழைப்பிதழ் கொண்டுசென்று கொடுத்தவர், இந்த மலருக்குப் பிழை திருத்தியவர். நான் யாரையும் சுட்டவில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நாமும் இடத்தை வைத்துக்கொண்டு சுமையை மட்டும் கைமாற்றுகிறோம். பெண்கள் எத்தனை பேருக்கு முதல் வரிசை கிடைத்தது என்பதைப் பத்தாண்டு அழைப்பிதழ்களையும் எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தல் நன்று.

மூத்தோர் விலக வேண்டும் என்று நான் கூற வரவில்லை. நன்றி மறந்த அவை அவையாகாது. டிமாஜியோவை அவமதித்து எவரும் மேன்டிலைப் பெருமைப்படுத்த முடியாது. ஆயின் நன்றி வேறு, தீர்ப்பு வேறு. நன்றிக்காக ஒருவருக்குத் தரும் இடத்தைத் தகுதிக்காகத் தந்ததாகச் சொல்லிக்கொள்ளாத நேர்மை நமக்கு வேண்டும். இளையவரை ஓடச் சொன்னால், பந்து வரும்போது குரல் கொடுக்கும் உரிமையையும் அவருக்கே தர வேண்டும். இடம் மாறி நிற்கும் மூத்த கவிஞருக்குப் பாபி தாம்சனை நினைவூட்டுவேன். அவர் தம் வாழ்வின் பேரடியை அடித்தது இடம் மாறிய ஆண்டில்தான்.

அடுத்த கவியரங்கத்தில் முதல் கவிதையை இவ்வாண்டு சேர்ந்த உறுப்பினர் படிக்கட்டும். நிறுவனர்கள் முன்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். பிறகு தாழ்வாரத்தில் அமர்ந்து நாம் வழக்காடுவோம்.